உறுதி செய்யப்படாத தட்டல்

நதிவாணி வானொலி நிலையம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பொய்ச் செய்திகூட வாசித்ததில்லை. நிலைய இயக்குநர் நெயாமத் சாகேப் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். எப்படி வாசிக்கும்? எந்த விஷயமானாலும் சம்பந்தப்பட்ட இலாகா காகிதத்தில் எழுதி முத்திரை குத்தி அனுப்பினால்தான் அங்கே அது செய்தி. அப்படி வராததெல்லாம் வதந்தி. மழை கொட்டிக்கொண்டிருக்கும், வானிலைக் காகிதம் வந்திருக்காது. வாசிப்பாளர் ஹோஸ்னே ஆரா நனைந்த குடையை மூலையில் சாத்திவிட்டு, சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே ஒலிவாங்கி முன் உட்கார்ந்து, "வறண்ட வானிலை நீடிக்கிறது" என்று முந்தைய நாள் காகிதத்தை வாசிப்பாள்.

மொக்லேஸ் அங்கே நிருபர். நிருபர் என்றால் சம்பவம் நடந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர். பார்த்ததைச் செய்தியாக்கும் வழக்கம் அங்கே இல்லாததால், அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பான். இலாகா காகிதம் வந்ததும் அதை நல்ல வங்காளத்தில் திருத்தி எழுதிக் கொடுப்பான். இந்த வேலைக்காக அவன் வருஷக்கணக்கில் அலைந்திருந்தான். அதனால் வாயை மூடிக்கொண்டிருப்பது அவனுக்குப் பழகியிருந்தது.

நதிப் பாதுகாப்பு வாரம் தொடங்குவதற்கு முந்தைய நாள் அந்தியில், சோனாசர் ஊருக்குக் கீழே, மேக்னா ஆற்றில் 'மயூரி' என்ற பயணிகள் லாஞ்ச் புயற்காற்றில் கவிழ்ந்தது. விடிந்ததும் மொக்லேஸ் ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு மீன்படகு ஒன்றில் ஏறிப் போனான்.

மணல்திட்டில் மோதித் தலைகீழாக நின்றிருந்தது மயூரி. அடிப்பாகம் மட்டும் செதில் உரிந்த பெரிய மீனின் முதுகுபோல வெளியே தெரிந்தது. அதன்மேல் நாலைந்து மீனவர்கள் குந்தியிருந்தார்கள். நடுவில் ஒரு பெண், மசாலா அரைக்கிற கல்குழவியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் மொர்ஜினா. படித்துறையில் அவித்த முட்டை விற்கிறவள். அவளுடைய தம்பி துலால் மயூரியின் இயந்திர அறையில் எண்ணெய் போடுகிற வேலை பார்த்தான்.

"ரேடியோவா? வாங்க, ரேடியோ பாய். இங்க காத வச்சுக் கேளுங்க."

குழவியால் இரும்புத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள். மொக்லேஸ் குனிந்து காதை வைத்தான். குளிர்ந்த இரும்பு. கொஞ்ச நேரம் தண்ணீர் சளக்சளக்கென்று மோதுகிற சத்தம் மட்டும். பிறகு உள்ளேயிருந்து, டங், டங்.

அவன் காதை இன்னும் அழுத்தி வைத்தான்.

"துலால்தான்," என்றாள் மொர்ஜினா. "கூட ஆளு இருக்கு. அந்தப் பக்கமும் தட்டுது."

"காத்து கொஞ்சம் மாட்டிக்கிட்டு நிக்குது உள்ள," என்றார் ஒரு மீனவர். "எங்ககிட்ட கயிறு இருக்கு, கை இருக்கு. இந்த இரும்ப எங்களால தூக்க ஆகுமா? மீட்புக் கப்பல் வந்து பின்பக்கத்த ஒரு ஆள் உயரம் தூக்கினாப் போதும். நாங்களே உள்ள முங்கி இழுத்துட்டு வந்துருவோம்."

"கப்பல் எங்க?"

"டவுன் துறையிலதான் கட்டியிருக்கு. நேத்தே சொல்லிவிட்டோம். அதுக்கு வெள்ளையடிக்கிறாங்களாம். மந்திரி வர்றாராம்ல."

மொக்லேஸ் ஒலிவாங்கியைத் தகட்டில் அழுத்திப் பிடித்தான். மொர்ஜினா தட்டினாள். உள்ளே இருந்தவர்கள் தட்டினார்கள். நாடா சுழன்றது. தன் வாழ்நாளில் முதன்முதலாக, தான் பார்த்த ஒன்றை உலகத்துக்குச் சொல்லப்போகிறோம் என்று அவனுக்குக் கைகால் பரபரத்தது.

திரும்புகிற வழியில் நதிப் போக்குவரத்து அலுவலகத்துக்குள் ஓடினான். துறைக்கு எதிரேதான் அலுவலகம். சன்னல் வழியே மீட்புக் கப்பல் தெரிந்தது. அதன் தூக்கு எந்திரத்தின் கொக்கியில் காகித மாலை தொங்கியது. பொறுப்பதிகாரி ஹாபிஜுல் சாகேப் வரவேற்பு வளைவுக்கு என்ன நிறம் என்று யாரிடமோ தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருந்தார்.

"மயூரியா? ஏறினவங்க எல்லாரும் பத்திரமா கரையேறிட்டாங்க. ராத்திரியே அறிக்கை போயாச்சு."

"எல்லாரும்னா எத்தனை பேர் ஸார்?"

"ஏறினவங்க எத்தனை பேரோ அத்தனை பேர்."

"எத்தனை பேர் ஏறினாங்க?"

"கரையேறினவங்க எத்தனை பேரோ அத்தனை பேர்தானே ஏறியிருக்க முடியும்? என்னய்யா நிருபர் நீ, இதுகூடத் தெரியாம."

மொக்லேஸ் நாடாவைப் போட்டுக் காட்டினான். ஹாபிஜுல் சாகேப் மரியாதையாகக் கேட்டார்.

"எல்லாரும் கரையேறிட்டாங்கன்னு அறிக்கை இருக்கு. அப்ப உள்ள யாரும் இல்ல. யாரும் இல்லாத இடத்துல தட்டுறது யாரு? மீனா இருக்கும். ஆற்று மீனுக்குப் பலம் ஜாஸ்தி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு தம்பி, நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல. ரேடியோவுல சொல்லட்டும், அடுத்த நிமிஷம் கப்பல் கிளம்பும். ரேடியோவுல வராத விபத்துக்குக் கப்பல் அனுப்பினா நாளைக்குக் கணக்குத் தணிக்கைக்காரனுக்கு யாரு பதில் சொல்றது?"

இது மொக்லேசுக்கு நியாயமாகவே பட்டது. நிலையத்துக்கு ஓடினான்.

செய்தி ஆசிரியர் ஆப்தாப், பொரியும் பச்சைமிளகாயும் காலை உணவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாடாவை முழுக்கக் கேட்டார். கேட்டு முடிக்கிறவரை பொரிக் கிண்ணத்தைத் தொடவில்லை.

"யாரு தட்டுறது?"

"உள்ள இருக்கறவங்க, ஆப்தாப் பாய்."

"அது தெரியுதுப்பா. தட்டுறவர் இன்னாருன்னு உறுதியாச்சா? அவர் கருத்துச் சொல்ல அதிகாரம் உள்ளவரா? 'பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் தட்டினார்'னு நம்ம ரேடியோவுல வாசிக்க முடியுமா?"

"போக்குவரத்து ஆபீசுல, நாம சொன்னா கப்பல் அனுப்பறேங்கறாங்க."

"அவங்க காகிதம் அனுப்பினா நாம சொல்றோம். விதி அதுதானே."

"நாம சொன்னாத்தான் அவங்க காகிதமே..."

"எனக்குப் புரியாமலா இருக்கு?" ஆப்தாப் கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "எனக்கும் காது இருக்கு தம்பி. கல்யாணத்துக்கு நிக்கிற மூணு பொண்ணும் இருக்கு. வா, ஸார்கிட்டப் போவோம்."

நெயாமத் சாகேப் விஷயத்தைக் கேட்டதும் துள்ளி எழுந்தார். மொக்லேசுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவர் எழுந்தது கூட்ட அறைக்குப் போக. "இது சாதாரண விஷயமில்ல. முறைப்படி கூட்டம் போடணும்" என்றார். தேநீரும் சிங்காரா சமோசாவும் வரவழைக்கப்பட்டன. மொழி ஆலோசகர் நிகுஞ்ச பாபுவை வீட்டிலிருந்து கூட்டிவர ரிக்‌ஷா போயிற்று. அவர் குளித்துக்கொண்டிருந்தார். குளித்துத் தலைதுவட்டி வரும்வரை கூட்டம் காத்திருந்தது.

நாடா ஓடியது. டங், டங். நெயாமத் சாகேப் கண்களை மூடிச் சங்கீதம் கேட்பவர்போலத் தலையை ஆட்டினார்.

"தெளிவா இருக்கு. ஆனா நடுவுல தண்ணிச் சத்தம் வருதே? நம்ம தரத்துக்கு இது ஒத்துவராதே."

"ஆத்துக்குள்ள இருக்காங்க ஸார்," என்றான் மொக்லேஸ்.

"அவங்க எங்க இருந்தாலும் நம்ம தரம் ஒண்ணுதான்."

மொக்லேஸ் எழுதி வைத்திருந்த செய்தியின் முதல் வாக்கியத்தை நிகுஞ்ச பாபு எடுத்துக்கொண்டார். "'லாஞ்ச் கவிழ்ந்தது'. பாதுகாப்பு வாரத்துல இந்தச் சொல் நெருடுது. 'தலைகீழ் நிலையில் நிற்கிறது'ன்னு போடலாம். அப்புறம், 'தட்டுகிறார்கள்'னா பதற்றம் வரும். 'உள்ளிருந்து ஒலி உணரப்படுகிறது'. கண்ணியமா இருக்கு பாருங்க."

"இதைப் போட்டா இப்பவே வாசிச்சிடலாமா ஸார்?" மொக்லேஸ் எழுந்தே விட்டான்.

நெயாமத் சாகேப் கையமர்த்தினார். அவர் பேசத் தொடங்கினால் தலைநகரத்து மேடையில் பேசுவதுபோலவே பேசுவார்.

"உட்காரு மகனே. மத்த ரேடியோவெல்லாம் அவசரப்படுது. நாம ஏன் அவசரப்படறதில்ல? பொய்க்குத்தான் அவசரம். உண்மை காத்திருக்கும். நான் இந்த நாற்காலிக்கு வந்ததுக்கப்புறம் நம்ம செய்தியால ஒருத்தருக்கும் ஒரு சங்கடம் வந்ததில்ல. வெள்ளம் வந்தப்ப, வடிஞ்ச பிறகுதான் சொன்னோம். யாராவது பயந்தாங்களா? வாந்திபேதி வந்தப்ப, நின்ன பிறகு சொன்னோம். நிம்மதியாக் கேட்டாங்க ஜனங்க. ஜனங்க நம்ம பிள்ளைங்க மாதிரி. பிள்ளைங்ககிட்ட எல்லாத்தையுமா சொல்றோம்?" மேசையைத் தட்டினார். தட்டியது அவருக்கே உறுத்தியதோ என்னவோ, கையை எடுத்துக்கொண்டார். "போ. தட்டுறவர் பேரைக் கேட்டுப் பதிவு பண்ணிட்டு வா. பேர் கிடைச்சா மேற்கொண்டு யோசிக்கலாம்."

மொக்லேஸ் மறுபடி ஆற்றுக்கு ஓடினான்.

வெயில் ஏறியிருந்தது. தகடு கையை வைக்க முடியாதபடி சுட்டது. மயூரி காலையில் இருந்ததைவிடத் தாழ்ந்திருந்தது. மொர்ஜினா முந்தானையை நனைத்து விரித்து அதன்மேல் முழங்காலிட்டிருந்தாள்.

"கப்பல் வருதா, ரேடியோ பாய்?"

"வரும். அதுக்கு முன்னாடி... துலால் பேரைச் சொல்லணுமாம்."

"யாரு சொல்லணும்?"

"துலால்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பேரு எனக்குத் தெரியுமே. நான் வச்ச பேரு அது. நான் சொன்னா ஆகாதா?"

"ஆகாதாம்."

பக்கத்திலிருந்த மீனவர் காறி ஆற்றில் துப்பினார். மொர்ஜினா தகட்டில் வாயை வைத்துக் கத்தினாள். "துலால்! டேய்! ரேடியோக்காரு வந்திருக்காரு! பேரைச் சொல்லணுமாம், பேரைச் சொல்லுடா!"

உள்ளே முனகல்போல ஒன்று கேட்டது. மொக்லேஸ் ஒலிவாங்கியை வைத்துக் காதுக்குழாயை மாட்டிக்கொண்டான். எங்கோ கிணற்றடியிலிருந்து வருவதுபோல ஒரு குரல். "துலால்... துலால் மியா... அக்கா, ஹானி கழுத்துக்கு வந்துருச்சு... சின்னப் பையன் ஒருத்தனத் தூக்கிப் பிடிச்சிருக்கோம்... சீக்கிரம் சொல்லு அவங்ககிட்ட..."

அந்த நாடாவை இடுப்பில் செருகிக்கொண்டு மொக்லேஸ் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. எடுக்க நிற்கவில்லை.

கூட்ட அறையில் நாடா ஓடி முடிந்ததும் நிகுஞ்ச பாபுதான் முதலில் பேசினார். "பேர் சொல்றான். ஒத்துக்கறேன். ஆனா 'ஹானி'ங்கறானே. தண்ணிக்கு 'பானி'ன்னே சரியா வரல. கொச்சை. இதை ஒலிபரப்பினா நம்ம உச்சரிப்பைப் பத்திக் கேள்வி வரும்."

"தண்ணி கழுத்து வரைக்கும் வந்துருச்சுங்கறான் ஸார்!"

"அவன் என்ன சொல்றாங்கறது எனக்குப் புரியுது. எப்படிச் சொல்றாங்கறதுதான் பிரச்சினை."

நெயாமத் சாகேப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மந்திரி வருகிற நேரம். "நல்ல முன்னேற்றம்" என்று மொக்லேசின் தோளைத் தட்டினார். "வாக்கியங்களைச் சீர்பண்ணி வைங்க. விழா முடியட்டும், மந்திரி காதுல மெதுவாப் போட்டுட்டு, நாளைக்குக் காலைச் செய்தியில கடைசியா, வானிலைக்கு முன்னாடி வாசிச்சிடலாம்."

எல்லாரும் விழாவுக்குப் புறப்பட்டார்கள். ஆப்தாப் மட்டும் வாசலில் ஒரு கணம் நின்றார். திரும்பிப் பார்க்காமல் அவரும் போய்விட்டார்.

நிலையத்தில் மூன்று பேர்தான் மிச்சம். மொக்லேஸ், அறிவிப்புக்காக உட்கார்ந்திருந்த ஹோஸ்னே ஆரா, கருவிகளைக் கவனிக்கும் லுத்ஃபர். மந்திரியின் பேச்சு துறையிலிருந்து நேரடியாக வந்து வானொலியில் போய்க்கொண்டிருந்தது. விழா நடக்கும் துறை உட்படக் கரையோரப் படித்துறைகள் எல்லாவற்றிலும் அதைக் கேட்கக் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். நெயாமத் சாகேபின் யோசனை அது. யாரும் காதைப் பொத்திக்கொண்டு தப்பிக்க முடியாது.

"அக்கா, இதைக் கேளுங்க" என்று மொக்லேஸ் காதுக்குழாயைக் கொடுத்தான். ஹோஸ்னே ஆரா கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். கழற்றி வைத்துவிட்டு லுத்ஃபரைப் பார்த்தாள்.

லுத்ஃபர் அவர்கள் இருவரையும் பார்த்தான். "எனக்குத் தலைவலிக்குது. டீ குடிக்கப் போறேன்" என்று எழுந்தான். "அந்த இடதுபக்கத் திருகைத் தொட்டுறாதீங்க. மேல ஏத்தினா நாடாவுல இருக்கறது வெளிய போயிரும்." கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

மொக்லேஸ் இடதுபக்கத் திருகை மேலே ஏற்றினான்.

மந்திரி அப்போது, தம்முடைய காலத்தில் ஆறே திருந்திவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். டங், டங் என்றது மேக்னாவின் கரை முழுவதும். மந்திரி நின்றார். மறுபடி டங், டங். மேடையில் அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மந்திரி அனுபவசாலி. சிரித்தார். "கேட்டீங்களா? முன்னேற்றம் நம்ம கதவைத் தட்டுது!" என்றார். முன்வரிசையில் கைதட்டல் எழுந்தது. நெயாமத் சாகேபும் தட்டினார்.

கைதட்டல் ஓய்வதற்குள் ஹோஸ்னே ஆராவின் குரல் வந்தது. வானிலை வாசிக்கிற அதே நிதானக் குரல். "நீங்கள் கேட்டது மயூரி லாஞ்சுக்குள் இருப்பவர்கள் தட்டுகிற சத்தம். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு குழந்தையும் இருக்கிறது. மீட்புக் கப்பல் மந்திரி அவர்களுக்குப் பின்னால் நிற்கிறது. அதை அனுப்புங்கள்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு கிளம்பி, இரைச்சலாகி, மேடையை நோக்கி நகர்ந்தது. ஹாபிஜுல் சாகேப் "காகிதம் வரட்டும், காகிதம் வரட்டும்" என்று கத்தினார். மீட்புக் கப்பலின் மாலுமித் தலைவர் யாரையும் கேட்கவில்லை. மேடைக்கும் கப்பலுக்கும் இடையே கட்டியிருந்த அலங்காரத் துணியைக் கோடரியால் வெட்டிவிட்டுக் கப்பலைத் திருப்பினார். துணியின் மறுமுனையோடு மேடையின் பந்தல் பாதி சரிந்தது. வெள்ளையடித்த பக்கங்களும் காகித மாலைகளுமாகக் கப்பல் ஆற்றில் விரைந்தது.

போய்ச் சேர்ந்தபோது மயூரியின் முதுகு ஒரு பாய் அகலம்தான் வெளியே தெரிந்தது. மொர்ஜினா குழவியால் தட்டிக்கொண்டே இருந்தாள். பதில் இல்லை.

தூக்கினார்கள். மீனவர்கள் சொன்னபடியே முங்கினார்கள். சொன்னபடியே இழுத்து வந்தார்கள். துலால், இன்னொரு ஆள், இருவர் கைக்கும் நடுவில் அந்தப் பையன். பையனைத் தூக்கிப் பிடித்த கைகள் கோத்தபடியே இருந்தன. "உடம்பு இன்னும் விறைக்கலையே, இப்பத்தான்... இப்பத்தான் போயிருக்கு" என்று முங்கியவர் தலையில் அடித்துக்கொண்டார். மொர்ஜினா தம்பியின் வலதுகையை எடுத்துப் பார்த்தாள். விரல் முட்டிகளில் தோல் இல்லை.

மறுநாள் நிலையத்தில் விசாரணை நடந்தது. இவ்வளவு வேகமாக அங்கே எதுவும் நடந்ததில்லை. நெயாமத் சாகேப் கோபப்படவில்லை. உண்மையிலேயே மனம் உடைந்திருந்தார்.

"என்ன வாசிச்சீங்க? 'உயிரோடு இருக்கிறார்கள்'. வாசிச்ச நேரத்துல இருந்தாங்களா? டாக்டர் சொல்றாரு, அந்த நேரத்துக்குள்ள உயிர் போயிருக்கணும்னு. அப்ப அது என்ன செய்தி? பொய்ச் செய்தி! நம்ம நிலையத்தோட முதல் பொய்!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் சொன்ன மாதிரி இன்னைக்குக் காலைவரைக்கும் பொறுத்திருந்தா, சரியான செய்தியா வாசிச்சிருக்கலாமேப்பா."

தீர்ப்பு ஆயிற்று. மாத முடிவோடு ஹோஸ்னே ஆராவை உர விலை வாசிக்கும் விவசாய நிகழ்ச்சிக்கு மாற்றுவது. மொக்லேசுக்கு வேலை போயிற்று. போவதற்கு முன் அவன் கையாலேயே திருத்தம் எழுதித் தர வேண்டும். நாடா அழிக்கப்பட்டு, அதே நாடாவில் மந்திரியின் உரை தடங்கல் இல்லாமல் மறுபடி பதிவாயிற்று. மந்திரி நிலையத்துக்கே வந்து பேசிக் கொடுத்தார். அவரைத் தலைநகரம்வரை கொண்டுபோய் விட்டுவர நெயாமத் சாகேப் புறப்படும்போது, "திருத்தத்தை நீங்களே பார்த்து முத்திரை குத்திடுங்க" என்று ஆப்தாபிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மொக்லேஸ் எழுதிக் கொண்டுவந்து வைத்தான். ஆப்தாப் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். முத்திரையை எடுத்து மைத்திண்டில் அழுத்தினார். முத்திரை கோணலாக விழுந்தது. மொக்லேஸ் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட அவர் தொடாமல் விட்டது அதுவே முதல் தடவை.

மாலைச் செய்தியில் ஹோஸ்னே ஆரா வாசித்தாள்.

"ஒரு திருத்தம். மயூரி லாஞ்சுக்குள் ஆட்கள் உயிரோடு இருப்பதாக நேற்று மாலை நாங்கள் அறிவித்தது தவறு. காலையில் அறிவித்திருந்தால் சரியாக இருந்திருக்கும்."

பாதுகாப்பு வாரம் முடியாததால் படித்துறைகளில் ஒலிபெருக்கிகள் அவிழ்க்கப்படாமல் இருந்தன. சோனாசர் துறையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். தேநீர்க் கடைக்காரர் ஊற்றிய டம்ளர் வழிந்தது. பிறகு உர விலை தொடங்கியது.

மொர்ஜினாவின் குடிசை துறைக்கு மேலே. அவளைப் பார்க்க வந்து, உள்ளே போகத் துணியாமல் மொக்லேஸ் வேலியோரம் நின்றுகொண்டிருந்தான். அவளே வெளியே வந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"அந்த ரேடியோப் பாஷை எனக்குச் சரியாப் புரியல. என்ன சொன்னாங்க?"

அவன் அவளுடைய பேச்சிலேயே சொன்னான். "நேத்து சாயங்காலம் நாங்க சொன்னது தப்பு. காலையிலயே சொல்லியிருந்தா சரியா இருந்திருக்கும்."

மொர்ஜினா ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காலையில உங்களுக்குத் தெரியும்ல, பாய்?"

"தெரியும்," என்றான் மொக்லேஸ்.

அவள் தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள்.